மூன்றாவது கிண்ணம்

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். ஒரு கேளிக்கைப் பூங்காவின் கப்பல் ஹோட்டலில் ஒரு சூப்புக்காக ஜனங்கள் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் நிற்கக் கூடாதா?

'ஜென்மத்தில் ஒருமுறையாவது!' என்று விளம்பரம். ஒருமுறை வந்தவர் மறுமுறை வந்ததில்லை என்பதால் அது பொய்யும் இல்லை. தகரக் கப்பல். பத்து நிமிஷத்துக்கொரு தரம் அலையடிக்கிற மாதிரி தரை ஆடும். சூப்பில் பாதி மடிக்குப் போகும்.

சர்வருக்கு அங்கே அன்று மூன்றாம் நாள். கொள்ளைக்காரன் வேஷம், ஒரு கண்ணில் கறுப்புப் பட்டி, தோளில் பஞ்சுக் கிளி. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை நம்பி ஏழாம் மேஜைக்குக் கிண்ணங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் வந்தது.

ஏழாம் மேஜையில் ஓர் அம்மா, இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினைந்து இருக்கும். நான்காவது நாற்காலி காலி.

"வெளியே அத்தனை பேர் நிக்கறாங்கம்மா. அந்தச் சேரை எடுத்துக்கட்டுமா?"

"ஆள் வரணும்."

"எப்ப வருவாங்க?"

"அதான் தெரியலை" என்றாள் அம்மா.

பெரியவள் ஒரு வாய் குடித்தாள். "மாலுமிகளே, இதில் கடலே கரைந்திருக்கிறது. உப்பு!" என்றாள். சர்வரின் வரவேற்புக் குரல் அச்சு அசலாக அவள் வாயிலிருந்து வந்தது. அவனே ஒரு கணம் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

முதல் கிண்ணம் திரும்பிப் போனது.

இரண்டாவது வர அரை மணி நேரம். அதுவரை அவள் சும்மா இருக்கவில்லை. மேனேஜர் மாதிரி தும்மினாள். ஒலிபெருக்கிக்காரி மாதிரி, "டோக்கன் நம்பர் நாப்பத்தி ரெண்டு" என்றாள். வாசலில் நின்ற ஒரு குடும்பம் டோக்கனை நீட்டியபடி உள்ளே ஓடிவந்தது. அதுவா சிரிக்கிற இடம்? இல்லை, பொறுங்கள்.

கடைசியாகத் தொண்டையை இரண்டு தரம் செருமிக்கொண்டு, கரகரத்த ஆண் குரலில் சொன்னாள்: "க்கும், க்கும். அடுத்த மாசம் கண்டிப்பா, கண்ணு. கண்டிப்பா."

சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். பிறகு என்னவோ, பாதியிலேயே நிறுத்திவிட்டு ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி" என்றாள் அம்மா, மெல்ல.

"இது யாரு குரல்?" என்று இரண்டாவது கிண்ணத்தை வைத்துக்கொண்டே கேட்டான் சர்வர்.

"உங்களுக்குத் தெரியாதவரு" என்றாள் பெரியவள். "அண்ணே, சூப்பு ஆறிப்போச்சு. திருப்பிடுங்க."

சர்வர் மனசுக்குள் எண்ணினான்: இரண்டு. 'கப்பல் சட்டம்' என்று ஒன்று அங்கே உண்டு. ஒரே மேஜையிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தால், சமைத்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேஜைக்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். 'மன்னித்தோம்' என்ற வார்த்தை வரும்வரை நகரக் கூடாது. ஜனங்கள் போட்டோ எடுப்பார்கள்.

சமைப்பவரை அவன் முழுசாகப் பார்த்ததுகூட இல்லை. சமையல்கட்டுச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதில் இரண்டு கைகள் கிண்ணத்தை வைக்கும், மணியைத் தட்டும், மறையும். பக்கத்துக் கதவில், 'வேலை நேரத்தில் ஊழியர்களைச் சந்திக்க அனுமதி இல்லை' என்று போட்டிருக்கும். சின்னவள் அதைத்தான் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கிண்ணம் வந்தது. பெரியவள் மடக் மடக்கென்று குடித்தாள். விரலால் வழித்தும் நக்கினாள். காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"சரியில்லை. திருப்பிடுங்க."

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலையே!"

"முழுசாக் குடிச்சாத்தானேண்ணே முழுசாக் குறை சொல்ல முடியும்?"

சர்வருக்குப் பொறுமை போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு பாப்பா. உள்ள இருக்கறவரு நாலு மாசமா ஒருநாள் லீவு எடுக்கலையாம். காலைலேர்ந்து அடுப்புல வேகறாரு. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். அந்த மனுஷனைத் தலைகுனிஞ்சு நிக்க வச்சு உனக்கு என்ன ஆகப்போகுது?"

பெரியவள் முகத்திலிருந்த சேட்டை பொசுக்கென்று அணைந்தது.

"அவரு வரட்டும்ண்ணே."

இதை அவள் யாருடைய குரலிலும் சொல்லவில்லை. அன்று முதல்முறையாகச் சேட்டை கலக்காத சொந்தக் குரல்.

மேனேஜர் மணியடித்தார். கதவு திறந்தது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சமையல்காரர் வந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. மேஜைமுன் நின்று, தொண்டையை இரண்டு தரம் செருமிக்கொண்டார்.

"க்கும், க்கும். மன்னிக்கணும். இனிமே இப்படி நடக்காது. கண்டிப்பா..."

பாதியில் நிமிர்ந்து பார்த்தார். சின்னவள் அவருடைய ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா காலால் நான்காவது நாற்காலியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளினாள். "இளைச்சுட்டீங்க" என்றாள்.

சர்வர் கண்பட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கண்ணாலும் ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

"என்னய்யா, மன்னிச்சாங்களா?" கல்லாவிலிருந்து மேனேஜர் கத்தினார்.

"எங்க சார்!" என்றான் அவன், அந்த மேஜையை மறைத்தாற்போல நின்றுகொண்டு. "ரொம்பக் கோவமா இருக்காங்க. இப்போதைக்கு மன்னிக்கிற மாதிரி தெரியலை."