தூரை விட்டுக் கிள்ளுகிறவள்

மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள் சீனியம்மாள். உப்புத்தண்ணீர்தான், ஆனால் அலையில்லாத தண்ணீர். கைக்கு அதில் இருப்புக் கொள்ளவில்லை. கல்லை மூடிக் கிடந்த பச்சைப் பாசியைக் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டாள்.

"போன வாரந்தானக்கா எடுத்தீங்க? அதுக்குள்ள மண்டிப்போச்சே," என்றாள் வீட்டுக்காரி நிவேதா. "ரெண்டு மீன் செத்திருச்சு. இனியும் வளந்தா வேற ஆள் பாத்துருன்னு அவரு சொல்லிட்டாரு."

"மருந்து எதாச்சும் ஊத்திப் பாருங்களேன் தாயி."

"முதல்ல நீங்க அடியோட பிடுங்குங்க. புள்ளைக்கு முடி வெட்டி விடுற மாதிரில்ல வெட்டுறீங்க!"

சீனியம்மாள் வாளியைப் பார்த்தாள். ஒரு கொத்தில்கூட அடித்தூர் இல்லை. வயசில் பாதியைப் பாம்பன் கடலில் முங்கி, விலைக்குப் போகும் பாசியை எடுத்துக் கழித்தவள். தூரோடு பிடுங்கினவளை அங்கே மற்றப் பெண்கள் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். தூரை விட்டால்தான் அடுத்த முறை போகும்போது பாசி இருக்கும். அவள் நினைக்காவிட்டாலும் விரல் அதன்பாட்டுக்குத் தூருக்கு மேலே நின்றுவிடும்.

"இந்தா, பிடுங்கிர்றேன்."

நகத்தைக் கல்லோடு ஒட்டி வைத்தாள். தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, கைதான் உள்ள இருக்கு. மூச்சு விடுங்க," என்று நிவேதா சிரித்தாள்.

சீனியம்மாள் இழுத்தாள். தூர் பெயர்ந்து வந்தது. கல்லில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், வள்ளத்திலிருந்து யாரும் பார்த்துவிட்டார்களா என்று.