வெயிலில் வைத்த இசைத்தட்டுகள்

மொட்டைமாடியில் பழைய போர்வையை விரித்து, அண்ணனின் இசைத்தட்டுகளை அம்மா வெயிலில் பரப்பியிருக்கிறாள். பங்க், மெட்டல் என்று காதைப் பிளக்கும் ராக் இசையாக அவன் தேடித் தேடிச் சேர்த்தவை. அவன் இறந்த பிறகு இன்றுதான் அம்மா அவற்றைத் தொட்டு, ஒவ்வொன்றாகச் சோப்பு நீரில் கழுவியிருக்கிறாள். கறுப்பு வட்டங்களில் வெளிச்சம் வழுக்குகிறது. படியேறி வந்த மகள், அவன் தங்கை, குனிந்து ஒன்றை எடுக்கிறாள். சுடுகிறது. சூட்டில் விளிம்பு மேலே வளைந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். “எவ்வளவு தூசிடி! இப்போ பளபளன்னு இருக்கு பாரு,” என்று அம்மா ஈரக்கையை உதறுகிறாள். “ஒண்ணு போடேன். அவன் இருந்தப்போ, காது கிழியுது, நிறுத்துடான்னு கத்தியே காலத்தை ஓட்டிட்டேன். இன்னிக்கு உக்காந்து கேக்கறேன்.”

அண்ணனின் அறையில், ரெக்கார்டு பிளேயரில் வளைந்த தட்டு சுழல்கிறது. ஊசி மேடேறிப் பள்ளத்தில் இறங்குகிறது. கிதார் இழுபட்டுத் தொய்கிறது. பாடுகிறவனின் கத்தல் நீண்டு, குழைந்து, அழுகை போலாகி மீள்கிறது. கட்டில் முனையில் அமர்ந்திருக்கும் அம்மா கண் இமைக்காமல் கேட்கிறாள். “இவ்வளவு சோகமாவா பாடுவாங்க? நான் வெறும் கூச்சல்னுல்ல நெனச்சேன்.”

மகள் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ஆமாம்மா. இப்படித்தான் பாடுவாங்க.”