அக்கரைக்குத் தெரிந்த பாடம்

ஆற்றோரப் பனை சாய்ந்ததும் பாதிக் குருவிக் குடும்பங்கள் அக்கரைக்குக் குடிபோயின. கூடு பின்னப் படித்துக்கொண்டிருந்த அவற்றின் குஞ்சுகளுக்கோ தினமும் ஆற்றைத் தாண்டி வகுப்புக்கு வந்துபோகும் அளவுக்கு இறக்கை வளரவில்லை.

"அதனாலென்ன, சத்தத்தைக் கூட்டினால் போச்சு" என்றார் தூக்கணாங்குருவி சொக்கு வாத்தியார். இக்கரையில் வழக்கம்போல ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கிளையைப் பார்த்து உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை விளக்கினார். ஒவ்வொரு முடிச்சை இறுக்கும்போதும் அவர் வால் இரண்டு தரம் ஆடும். இக்கரைப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

"புரிஞ்சுதா?" என்பார். அக்கரையில் சத்தமே வராது. புரிந்துவிட்டது என்று அடுத்த முடிச்சுக்குப் போவார்.

நாலாம் நாள் திரும்பி, "எங்கே, கத்துக்கிட்டதைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

அக்கரைக் குஞ்சுகள் அத்தனையும் முதுகைத் திருப்பி, வாலை இரண்டு தரம் ஆட்டின.

"இது என்ன பாடம்?"

"எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான் சார்" என்றது ஒரு குஞ்சு.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அப்புறம் கிளை குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, ஓலை நாரைத் தூக்கிப் பிடித்துப் பின்னினார். எல்லாக் குஞ்சுகளும் தங்கள் முடிச்சை உயர்த்திக் காட்டிய பிறகுதான் அடுத்தது.

மாதக் கடைசியில் அக்கரை முழுக்கக் கூடுகள் தொங்கின. ஒவ்வொரு முடிச்சை இறுக்கும்போதும் பிள்ளைகள் வாலை இரண்டு தரம் ஆட்டின. அது பாடத்தில் இல்லை என்று சொல்ல வாத்தியாருக்கு மனசு வரவில்லை.