மலர்கொடி வீட்டு கிராஃபிக்ஸ் கார்டு

மூன்றாவது ஸ்க்ரூ கழன்றுவிட்டது. நான்காவது அடம்பிடித்தது. மதிவாணன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லிட்டு இவ்ளோ நேரமா தூசி தட்டறியே மதி?" மலர்கொடியின் குரல் வெங்காயம் வதங்கும் வாசனையோடு வந்தது.

"கரித்தூசிங்க. லேசுல போவாது."

காலையில் அவள் போன் செய்ததிலிருந்தே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என் தம்பி விஷ்ணு பெங்களூர்லேருந்து வரான். லெட்டர் அடிச்சி சீரியல் பாக்குற கம்ப்யூட்டருக்கு எதுக்குக்கா தனியா கிராஃபிக்ஸ் கார்டு, அதெல்லாம் கேம் ஆடறவனுக்கு, நான் கழட்டி எடுத்துக்கறேங்கறான். கழட்டலாமா?"

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு அவனே விற்ற கார்டு. மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தான். விஷ்ணு இப்போது பக்கத்து வடலூரில் பஸ் மாறியிருப்பான்.

நான்காவது ஸ்க்ரூவும் வந்தது. கார்டு பைக்குள் போனது. ஜிப்பை இழுத்தான்.

"பையில என்ன?"

வாசலில் மலர்கொடியின் கணவர் கண்ணையன், காலை ஏ ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு. சுரங்க வாசலில் பத்தொன்பது வருடம் அடுத்தவர் சாப்பாட்டுப் பையைத் துழாவிய செக்யூரிட்டி.

"திருடிட்டேன் சார்."

கண்ணையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "மொதக் கேள்விக்கே ஒத்துக்கினவன் நீ ஒருத்தன்தான்யா."

கரண்டியோடு வந்த மலர்கொடி விக்கித்து நின்றாள். "நல்ல பையன்னு பிளாக் பூரா சொல்லி வச்சனே."

"ஸ்டேஷனுக்குப் போவலாமா?" என்றார் கண்ணையன்.

"வேணாம் சார். கடையே போயிடும். எழுதி வேணா குடுக்கறேன்."

எழுதிக் கொடுப்பது என்றால் கண்ணையனுக்குக் கற்கண்டு. மதிவாணன் தேதி, நேரம் போட்டு, திருடியதை ஒப்புக்கொண்டு, கேட்காமலே இரண்டு இடத்தில் கையெழுத்தும் போட்டான்.

"சரி, எடுத்த எடத்துல மாட்டு."

"திருட்டுக் கை பட்டது உங்க வூட்ல எதுக்கு சார்? இதைவிட ஒசத்தி, புதுசு, வண்டியில இருக்கு. சும்மாவே மாட்டித் தரேன். இதை நான் எடுத்துக்கினு போயிடறேன்."

கண்ணையன் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையை ஆட்டினாள். சும்மா கிடைக்கிற ஒசத்தியை யார் விடுவார்கள்?

மதிவாணன் புதியதை மாட்டிவிட்டு, பையை மார்போடு அணைத்தபடி வெளியேறிய கால் மணி நேரத்தில் விஷ்ணு வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான்.

"சூப்பர் கார்டுக்கா. ஆனா நீ செய்யற வேலைக்கு இது தேவையே இல்ல."

"போடா, உனக்கென்ன தெரியும்? முன்ன இருந்தது இதைவிட வேகம்."

முன்பு இருந்ததற்குள் ஒரு குட்டி விசிறியையும் சிவப்பு விளக்கையும் தவிர ஒன்றும் கிடையாது; அதே பிளாக்கில் இன்னும் பதினாறு வீடுகளில் அவன் விற்ற அதே விசிறி சுழன்றுகொண்டிருப்பதால்தான், மதிவாணன் ஒரே ஒரு திருட்டை அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டான்.