பேத்தியோடு வந்தவர்

இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் என் பல்செட் நாளைக்கே உடையட்டும்.

கோடை விடுமுறைக்கு எங்கள் நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசிப்புப் போட்டி நடந்தது. போட்டி நடக்கிற ஏசி அறைக்குள் பெரியவர்கள் வர வேண்டுமானால் கூடவே ஒரு குழந்தை இருக்க வேண்டும். நான் பேத்தியோடு போனேன்.

என் பேத்தி புரட்டுகிற வேகத்தில் பக்கங்கள் புகையும். ஒருநாள் காவலாளி தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டார். கப்பல் கதையை அவள் உரக்கப் படித்தபோது முன்வரிசைப் பையன்கள் வாந்தி எடுத்தார்கள்.

நான் பாட்டுக்கு ஒரு மூலையில் துப்பறியும் படக்கதை படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாகத்தில், திருடனின் முகமூடியைக் கழற்றுகிற பக்கத்துக்கு வந்தபோது, நூலகர் அம்மா எதிரே வந்து நின்றார்.

"தாத்தா, தினமும் பேத்தி பேத்திங்கறீங்க. இன்னைக்கு அவளை நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா புத்தகத்தை வெச்சிட்டு வெளிய நடங்க."

"அவளுக்குக் கூச்சம்மா. கூப்பிட்டா வரமாட்டா."

"எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு தாத்தா!"

அப்போது மேசைக்கு அடியிலிருந்து இரட்டைச் சடைத் தலை ஒன்று எட்டிப்பார்த்தது. "தாத்தா, தொணதொணன்னு பேசாதீங்க. படிக்க விடுங்க!"

நூலகர் முகத்தில் அசடு வழிந்தது. "மன்னிச்சுக்குங்க தாத்தா, நிம்மதியா படிங்க" என்று நாற்காலிக்கு ஒரு மெத்தையும் கொண்டுவந்து போட்டார்.

அவர் போனதும் பேத்தி என் வேட்டியை இழுத்தாள். "திருடன் யாருன்னு எனக்கும் சொல்லணும், ஆமா!"

சொன்னேன். பேத்தி கேட்டால் மறுக்க முடியுமா?

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.