மாமனார் போட்ட கும்பிடு

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த ரூபேந்திரனைப் பார்த்து மாமனார் இரண்டு கைகளையும் கூப்பினார். "வணக்கம்" என்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக்கூட அந்தச் சீனக் கிழவர் இப்படிக் கும்பிட்டதில்லை.

ரூபேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சிங்கப்பூர் வேலையிலிருந்து எல்லை தாண்டி பாலோ ஊருக்கு வந்து சேருகிற மருமகன் அவன். வழக்கமாக, "சுடா மக்கான்?" என்று மலாயில் அவர் சாப்பாட்டை விசாரிக்கும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனைக் குலைகள் நாலு உதிரும். இன்றைக்கு ஒற்றை வணக்கம், அதோடு வாய்க்குப் பூட்டு.

அடுப்படியில் மெய் ஃபோங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு உங்கப்பாவுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். காதலித்த நாளிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அதுதான் பாஷை.

மெய் ஃபோங் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, படக்கென்று மூடிக்கொண்டாள். கரண்டியால் மேசையைக் காட்டி, "சாப்பாடு" என்றாள். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இன்னும் ஆறவில்லை என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

எல்லாம் மகள் ஷர்மினியால் வந்தது. நாலரை வயது. அம்மாவிடம் மாண்டரின், தாத்தாவிடம் ஹக்கா, பாலர் பள்ளியில் மலாய், கார்ட்டூனோடு ஆங்கிலம் என்று ஐக்கிய நாடுகள் சபையையே தனியாக நடத்தக்கூடியவள். அப்பா தமிழில் கேட்டால் மட்டும் பதில் சீனத்தில் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். "ஸ்கூல்ல என்னம்மா செஞ்ச?" என்று கேட்டான். அவள் சீனத்தில் கால்மணி நேரம் கதை சொன்னாள், அம்மாவும் தாத்தாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவன் மேசையைத் தட்டிவிட்டான். "இந்த வீட்ல என் பாஷை ஒரு வார்த்த என் காதுல விழுதா? ஓட்டல்ல ரூம் எடுத்தவன் மாதிரி இருக்கேன் நான்!" இதையும் ஆங்கிலத்தில்தான் கத்தினான், வேறு எப்படிக் கத்துவது? மெய் ஃபோங் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இதுதான் போலிருக்கிறது.

ஷர்மினி சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்திருந்தாலாவது வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். மூன்று பேரும் பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டார்கள். மீன் முள்ளைத் துப்புகிற சத்தம் பட்டாசுபோலக் கேட்டது. மாமனார் மீன் தலையை எடுத்து அவன் தட்டில் வைத்து, மறுபடியும் "வணக்கம்" என்றார்.

தட்டில் சோறு தீர்வதற்குள் மெய் ஃபோங் சட்டியை நீட்டினாள். "சாப்பாடு."

சொல்லிக் காட்டுகிறார்கள்! தமிழ் கேட்டாயே, இந்தா வாங்கிக்கொள் என்று குத்துகிறார்கள். ரூபேந்திரன் மீன் தலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

அவன் வெளியே காலை வைத்ததுதான் தாமதம், உள்ளே அணை உடைந்ததுபோல் ஹக்கா பேச்சு பெருக்கெடுத்தது. மாமனாரும் மெய் ஃபோங்கும் மூச்சுவிடாமல் பேசினார்கள். ஏதோ மறந்துபோய்த் திரும்பி உள்ளே எட்டிப் பார்ப்பவன்போல் பார்த்தான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாசல் விளக்கைச் சுற்றிய ஈசல்களுக்குக்கூடக் கூட்டாளி இருந்தது. தான் சம்பாதித்துப் போடுகிற வீட்டில் தனக்கு மட்டும் ஆளில்லை என்று ரூபேந்திரன் படியில் உட்கார்ந்தான்.

கைப்பேசி அடித்தது. சிங்கப்பூரிலிருந்து சூப்பர்வைசர் ஹேமநாதன்.

"என்னா ரூபேன், முடிவு பண்ணிட்டியா? புது ஷிப்ட்டுக்கு மேனேஜர் இப்பவே பேரு கேக்குறாரு லா."

புது ஷிப்ட் என்றால் சனி, ஞாயிறும் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. முடியாது என்று சொல்லத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தான்.

"மாசத்துக்கு ஒரு வாட்டி வீடு போதுமாண்ணே?" என்று ஹேமநாதனையே கேட்டான்.

"அத நீதான்டா சொல்லணும். ஒம் பொண்டாட்டி புள்ளைங்க என்னா சொல்றாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லலண்ணே." கதவைத் திரும்பிப் பார்த்தான். "நான் இங்க இருந்தாத்தான் அவங்களுக்குப் பேச முடியல. என் பேர..."

"எழுதிடவா?"

அப்பாவின் குரல் கேட்டு விழித்த ஷர்மினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவுக்குப் பின்னால் அம்மாவும் தாத்தாவும் நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் காதோடு வாயை வைத்து, பிறந்ததிலிருந்து அவனிடம் பேசாத தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"அப்பா, நீங்க வந்தா வீட்ல தமிழ் மட்டும்தான்னு அம்மா ரூல் போட்டாங்க... பாவம்ப்பா, அவங்களுக்கு ஆளுக்கு ஒரு வார்த்ததான் தெரியும்!"