விரல் பதித்த தட்டு

"அந்த ஆளோட மட்டும் என்னை ஜோடி சேக்காதீங்க மிஸ் பெல். வேற யாரா இருந்தாலும் பரவால்ல" என்றாள் வெர்னா.

"இங்க அந்த ஆள், இந்த ஆள்னு யாரும் கிடையாது. எல்லாரும் மாணவங்கதான். போய்க் கண்ணாடி முன்னால நில்லுங்க" என்றாள் ஆசிரியை.

அந்த ஆள் ஹாலிஸ் டிரெக்ஸ்லர். ஆறு மாதத்துக்கு முன்புவரை ஊர்க் காலுறை ஆலையின் மேலாளர். வெர்னா அங்கே இருபத்திரண்டு வருடம் காலுறையின் விரல்முனை தைத்தவள். ஆலையை மூடப்போகிறோம் என்ற தாளை உணவுக்கூடத்தில் நின்று வாசித்தவர் அவர்தான். எல்லாரையும் அனுப்பி முடித்த பிறகு முதலாளிகள் அவரையும் அனுப்பினார்கள். இப்போது இருவரும் வட கரோலினாவின் அந்தச் சமுதாயக் கல்லூரியில், மருந்துத் தொழிற்சாலை வேலைக்கு ஒரே வகுப்பில் பயிற்சி எடுக்கிறார்கள்.

அன்றைக்கு உடுப்புத் தேர்வு. தலைமூடி, முகமூடி, அங்கி, காலணி உறை, கையுறை எல்லாவற்றையும் வெளிப்பக்கம் தோல் படாமல் மாட்ட வேண்டும். கடைசியில் கையுறை விரல்களைக் கிருமி வளர்க்கும் ஒரு சின்னத் தட்டில் பதிக்க வேண்டும். விரலில் ஏதாவது ஒட்டியிருந்தால், ஐந்து நாளில் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். ஒரு புள்ளி வந்தாலும் தோல்வி.

வெர்னாவும் டிரெக்ஸ்லரும் முதல் முறை தோற்றவர்கள். இது கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் வெர்னாவுக்குக் கோழி வெட்டும் ஆலைதான் கதி. காலுறை ஆலை மூடியதும் அங்கே போய்ப் பார்த்தவள்தான்; அந்தக் குளிரில் அவள் விரல்கள் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

அவள் ஏழே நிமிடத்தில் மாட்டி முடித்தாள். துண்டுக்கு இவ்வளவு கூலி என்று தைத்த கை. டிரெக்ஸ்லர் இருபது நிமிடம் கழித்தும் இடது கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ்டர் டிரெக்ஸ்லர், மாப்பிள்ளையாவா கிளம்புறீங்க?" என்றாள் ஆலையில் வெர்னாவோடு வேலை செய்த தோழி ரோண்டா. வகுப்பே சிரித்தது.

"உங்க வேகம் எனக்கு எங்கேருந்து வரும் ரோண்டா? நான் மேஜைக்குப் பின்னால உக்காந்தே கெட்டுப்போனவன்" என்றார் அவர், கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாம் நாள் காலை வெர்னா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். ஆய்வுக்கூடக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே டிரெக்ஸ்லர் தனியாக இருந்தார். அவர் முன்னால் மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்றிலிருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் உரித்து மற்றதில் ஒட்டினார். பிறகு அதன் சீட்டை இதில் ஒட்டினார். அவளுடைய கோணல் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒட்டிய சீட்டைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிவிட்டு, தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வெர்னா வாகன நிறுத்தத்துக்கு ஓடி, காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ரோண்டாவைப் பிடித்தாள்.

"என் தட்டைத் திருடிட்டான்டீ! அவன் பேரை அதுல ஒட்டிட்டான்!"

"அன்னிக்கு நம்ம வேலை, இன்னிக்கு உன் தட்டா? இந்தத் தடவையும் வாயை மூடிட்டு இருந்தேன்னா உன்னோட பேசவே மாட்டேன். நட!"

மிஸ் பெல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். வகுப்பு நிறைந்ததும் டிரெக்ஸ்லரை எழுந்திருக்கச் சொன்னாள்.

"பெயர்ச்சீட்டை மாத்தினீங்களா?"

அவர் வெர்னாவைப் பார்த்தார். "மாத்தினேன்."

"ஏன்?"

அவர் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

"நாம செய்யப் போற மருந்து நேரா ஒருத்தர் ரத்தத்துல ஏறும். அதோட பதிவைத் திருத்துறவருக்கு இந்தத் தொழில்ல இடமே கிடையாது. முதல் நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க, மிஸ் பெல்."

"அப்ப நீங்க கிளம்பலாம். இனிமே வர வேண்டாம்."

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். வாசலுக்குப் போகும் வழியில் வெர்னாவின் மேஜையருகே ஒரு கணம் தயங்கினார்.

"எங்கிட்ட பிடுங்கினது போதலையா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"மன்னிச்சிடு, வெர்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மிஸ் பெல் முறைத்ததும் நிறுத்தினார்கள்.

"சரி, இதை நேர் பண்ணிடுவோம்" என்று மிஸ் பெல் பெட்டியைத் திறந்து இரண்டு தட்டுகளையும் எடுத்தாள். "சீட்டை நான் எப்பவும் நம்புறதில்ல. தட்டுக்கு அடியில நம்பர் அச்சாகியிருக்கு. யாருக்கு எந்த நம்பர் குடுத்தேன்னு என் நோட்டுல இருக்கு."

ரோண்டா மேஜைக்கடியில் வெர்னாவின் கையை அழுத்தினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வெர்னாவுக்கு மூச்சு இலகுவாக வந்தது.

மிஸ் பெல் முதல் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். இரண்டாவது தட்டைத் திருப்பினாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

"வெர்னா, பதினோரு புள்ளி முளைச்சிருக்கறது உங்க தட்டு. ஒண்ணுகூட இல்லாதது அவரோடது. அதுலதான் உங்க பேரை ஒட்டியிருக்காரு."